எலிக்கடியார் மைக்செட்

தேனி வட்டாரத்தில் பெரியவர்களின் புத்திமதியிலிருந்து உயிர் தப்பிய பிள்ளைகள் யாராவது இருந்தால், அத்தனை பேரும் எலிக்கடியாருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். நானும் அதில் ஒருத்தி.

பழனிசெட்டிபட்டியில் மைக்செட் வாடகைக்கு விடுபவர் அவர். சொந்தப் பெயர் என்னவென்று யாரும் கேட்டதில்லை. கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா, எதுவானாலும் அவர் பெட்டிதான் பாடும். ஆனால் யாராவது ஒரு பெரிய மனிதர் மைக்கைப் பிடித்து, எதிரே உட்கார்ந்திருக்கும் சிறுசுகளுக்கு வாழ்க்கை என்றால் என்னவென்று விளக்க ஆரம்பித்தால் போதும், கொஞ்ச நேரத்தில் மைக் செத்துவிடும். எலிக்கடியார் பெருமூச்சோடு எழுந்து வந்து, "எலி ஒயரக் கடிச்சிருச்சுங்க" என்பார்.

எங்கள் பள்ளி ஆண்டுவிழாவில், உச்சி வெயிலில் எங்களை உட்கார வைத்து, தலைமை விருந்தினர் "ரெண்டே ரெண்டு வார்த்தை" என்று ஆரம்பித்தார். எலி உடனே வந்துவிட்டது. எலிக்கடியார் மேடையேறி, மைக்கைக் கழற்றி, உள்ளே இருந்த ஸ்பிரிங்கையும் திருகாணியையும் மேசையில் பரப்பி, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். அவர் அதைத் திரும்பப் பூட்டுவதற்குள் நாங்கள் வீட்டுக்கே போய்விட்டோம்.

அந்த எலிக்குச் சாதி மத பேதமெல்லாம் கிடையாது. சர்ச்சில் வாலிபப் பிள்ளைகளுக்கு ஒரு மூப்பர் புத்தி சொன்னபோதும் கடித்தது. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"போன வாரம் கல்யாண மண்டபத்துலயும் எலின்னுதானப்பா சொன்ன?"

"ஆமாங்கய்யா. அதே எலிதான். வண்டியில ஏறிக் கூடவே வந்துருது."

இதே ஆள், ஒரு குழந்தை திக்கித் திக்கி முழுப் பாட்டையும் ஒப்பித்து முடிக்கும்வரை பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பார். எலி வரும் என்று தெரிந்தும் ஏன் அவரையே கூப்பிட்டார்கள் என்றால், அவர் வந்தால் பந்தி சீக்கிரம் ஆரம்பிக்கும் என்று ஊருக்கே தெரியும்.

என் சடங்குக்கும் அவர்தான் வந்தார். எனக்குப் பதின்மூன்று வயது. கழுத்து ஒடியும் கனத்தில் மாலை. வந்தவர்கள் எல்லாம் திருநீறு பூசிவிட்டுக் கூடவே ஒரு புத்தியும் சொல்லிவிட்டுப் போனார்கள். சத்தமாகச் சிரிக்காதே என்றார்கள். தயிர் சாப்பிடாதே என்று ஒரு சித்தி சொன்னாள். தயிர் நிறையச் சாப்பிடு என்று அவளுக்குப் பின்னால் நின்ற சித்தி சொன்னாள். நான் இருவருக்கும் தலையாட்டினேன்.

எனக்கு அன்றைக்கு வேறு பயம் இருந்தது. வாலிபால் விளையாட விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்திருந்தது. மறு மாதம் போக வேண்டும். காலையில் அடுப்படியில் தாய்மாமா என் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுவிட்டேன். "பந்து தட்டுனது போதும்த்தா. இன்னைக்கு நான் சபையில மைக்குல சொல்லிப்புடுறேன். அதுக்கப்புறம் மச்சான் என்ன பேச முடியும்?"

எங்கள் பக்கம் மைக்கில் சொன்னது பத்திரம் பதிந்த மாதிரி. அதுவும் சீர் கொண்டுவந்த தாய்மாமன் சொன்னால் மறுபேச்சே கிடையாது.

மாமா மைக்கைப் பிடித்தார். "சபைக்கு வணக்கம். எம் மருமகளுக்கு ரெண்டு புத்தி சொல்லி, கையோட ஒரு முடிவையும் சொல்லிடுறேன்."

நான் மாலைக்கு மேலாக எலிக்கடியாரைப் பார்த்தேன். போன மாதம் நாங்கள் ஜெயித்த மேட்ச்சுக்கு மைக் கட்டியவரும் அவர்தான். அவரும் என்னைப் பார்த்தார். உலகத்திலேயே ரொம்பக் களைத்துப்போன மனிதரின் முகம் அது.

"ஆகையினால, வர்ற மாசம் இந்தப் பிள்ளைய..."

அதோடு சரி. மாமா மைக்கைத் தட்டினார், ஊதினார். உடனே குழாய் ஸ்பீக்கரில் நாதஸ்வரம் வெடித்துக் கிளம்பியது. மாமா நரம்பு புடைக்கக் கத்தினார். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையை வேறு வீசினார். அதைப் பார்த்த சமையல்காரர் பந்திக்குத்தான் உத்தரவு என்று நினைத்து இலை போடச் சொல்லிவிட்டார். மண்டபமே எழுந்து ஓடியது.

சாயங்காலம் மாமா அப்பாவைப் பிடித்துக்கொண்டார். "அதான் சபையில சொல்லிட்டேன்ல?"

பஜாரில் கடை வைத்திருக்கும் என் அப்பா யாரையும் எதிர்த்துப் பேசாதவர். அன்றைக்கு மட்டும் வெற்றிலையை மடித்தபடி, "மைக்குல ஒண்ணும் கேக்கலையே மச்சான்" என்றார். மறு மாதம் நான் பெட்டியோடு விடுதிக்குப் போனேன்.

முதல் லீவில் வந்தபோது எலிக்கடியாரை வழியில் பிடித்துக் கேட்டேன். "ஏண்ணே அப்படிச் செஞ்சீக?"

"நான் என்னத்தா செஞ்சேன்? எலி செஞ்சது." நடந்துகொண்டே சொன்னார். "எந்த ஊருக்குப் போனாலும் இதே பேச்சுத்தான். மெஷின் பக்கத்துல இருக்க எனக்கே காது வலிக்குது. உக்காந்திருக்க பிள்ளைக்கு எம்புட்டு வலிக்கும்?"

இப்போது நான் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. காலையிலிருந்து மணி அடிக்கும்வரை பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வதுதான் வேலை. எனக்கே என் குரல் சலித்துவிட்டது. சமீபத்தில் அண்ணன் மகளுக்குச் சடங்கு. அத்தை இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கைக் கையில் திணித்தார்கள். மூலையில் எலிக்கடியார், தலை முழுக்க நரைத்து, விளக்கு மின்னும் புதுப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்.

சுருக்கமாக முடிக்கத்தான் நினைத்தேன். "பாப்பா, ஒரே ஒரு விஷயம்தான்" என்று ஆரம்பித்தேன். அது மூன்றாகி, ஐந்தாகி, "அப்புறம் இந்த செல்போனை..." என்றபோது மைக் செத்துப்போனது.

திரும்பிப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலைக்குள் என் மருமகள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மேடையேறி வந்தார்.

"எலியாண்ணே?"

"ஆமாத்தா. அதுக்கும் வயசாயிருச்சு. சொன்னாக் கேக்க மாட்டேங்குது."

மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினேன். அந்த எலி இன்னும் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.