மேயர் வீட்டு அலமாரி

"லிஃப்டைப் போய் எங்கடி ஒளிச்சு வைக்கிறது?"

"ஒளிக்கிற மாதிரி சாமானையா வாங்கினீங்க?" என்றாள் மனைவி.

மேயருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தெருவிளக்கு ஒப்பந்தக்காரர் 'அன்பளிப்பாக' மாட்டிக்கொடுத்த லிஃப்ட் அது. அந்த ஒப்பந்த வழக்கு விஷயமாகப் பத்து மணிக்கு வருகிறோம் என்று லஞ்ச ஒழிப்பு அதிகாரிகள் போன் செய்திருந்தார்கள். இப்போதே மணி ஒன்பது.

அவளுடைய மூட்டுவலிக்காகத்தான் வாங்கினார். அவளோ எட்டு மாதமாகப் படிதான் ஏறுகிறாள். "ஊரே இருட்டுல தடுமாறுது. அந்த லிஃப்டுல என் கால் படாது" என்று ஒரே பிடிவாதம். பதவி போவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இவள் முகம் கொடுத்துப் பேசாததுதான் அவருக்குத் தாங்கவில்லை.

மேயராவதற்கு முன் அவர் எலக்ட்ரீஷியன். லிஃப்ட் கதவைக் கழற்றி, கதவு ஒயர்களை ஒன்றாக முறுக்கிவிட்டு, உள்ளே பலகை அடித்து, பருப்பு டப்பாவிலிருந்து சோப்பு வரை அடுக்கினார். அசல் அலமாரி! அது நகர்ந்து தொலைக்கக் கூடாதே என்று மெயினையும் அணைத்தார்.

அதிகாரியும் உதவியாளரும் வந்து உட்கார்ந்தார்கள். ஐந்தே நிமிடத்தில் இருவருக்கும் வேர்த்துக் கொட்டியது.

"ஃபேன் போடுங்களேன்."

"கரண்ட் இல்ல சார்."

"பக்கத்து வீட்டுல மிக்ஸி ஓடுதே?"

"எங்க வீட்டுக்கு மட்டும் இல்ல சார்."

"நீங்க எலக்ட்ரீஷியனாச்சே! கொஞ்சம் பாருங்க."

வேறு வழியில்லாமல் போய் மெயினைப் போட்டார். ஃபேன் சுற்றியது. கரண்ட் வந்ததும் தானாக மாடிக்குப் போகும்படி லிஃப்டை அமைத்த புண்ணியவானும் அவரேதான். பருப்பு, சர்க்கரை, சோப்போடு அலமாரி நிதானமாக மேலே கிளம்பியது.

அதிகாரி வாயைப் பிளந்தார். "அலமாரி எங்க போகுது?"

"மாடிக்குத்தான்..." என்ற மேயருக்கு அதற்கு மேல் பொய் வரவில்லை. விளக்கு ஒப்பந்தம், லிஃப்ட் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தார். ராஜினாமாவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அப்பாடா, நெஞ்சிலிருந்து பாறாங்கல் இறங்கியது போலிருந்தது.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்பதான் நான் கட்டிக்கிட்ட மனுஷனைப் பாக்கறேன். தெருவிளக்கு எரியுமா?"

"தண்டனை முடிஞ்சு வந்ததும் நானே கம்பத்துல ஏறி மாட்டறேன்."

உதவியாளர் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து அதிகாரியைத் தயக்கத்தோடு பார்த்தார்.

"சார், ஆதாரம் ஒண்ணும் கிடைக்கல, வழக்கை முடிச்சுட்டோம்னு இவர்கிட்ட குடுக்கக் கொண்டுவந்த லெட்டரை இப்ப என்ன பண்றது?"