கொக்கின் நலம்விரும்பி

நலம்விரும்பி என்று ஓர் இனம் உண்டு. துண்டு நோட்டீஸின் அடியில் வரிசையாகப் பெயர் போட்டுக்கொள்ளும் பழைய நலம்விரும்பியைச் சொல்லவில்லை. அவர் பாவம், பெயரை அச்சில் பார்த்த திருப்தியோடு வீட்டுக்குப் போய்விடுவார். இது புது ரகம். இதற்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பூவோ சூரிய உதயமோ இருக்கும். கையில் போன், மனசு நிறைய அக்கறை. யார் மேல்? நேரில் பார்த்தே இராத ஒரு பெண்ணின் மேல். அவள் சாப்பிட்டாளா, தூங்கினாளா, முட்டிவலி தேவலையா, இன்றைக்குப் பயிற்சிக்கு ஏன் பத்து நிமிடம் தாமதம், எல்லாம் தெரிந்தாக வேண்டும். உங்கள் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டார்களா என்று அதே ஆளைக் கேட்டுப் பாருங்கள். "போட்டுச் சாப்பிட்டிருப்பாங்க" என்பார், போனிலிருந்து தலையை எடுக்காமல்.

இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி ஒருவரிடம் சிக்கியவள்தான் கொக்கு.

கொக்கு உயரம் தாண்டுகிறவள். கல்லூரியில் வேதியியல், இரண்டாம் ஆண்டு. கழுத்துக்குக் கீழே முழுக்கக் கால்தான் என்று அவளோடு விடுதி அறையில் இருக்கும் குண்டக்கா சொல்வாள். குண்டக்கா கடைசி வருடம், குண்டு எறிகிறவள். பெயர் அந்த இரும்புக் குண்டால் வந்தது, உடம்பால் அல்ல. சந்தேகம் உள்ளவர்கள் அவளிடமே கேட்டுக்கொள்ளலாம். ஒரு தடவை கேட்டவர்கள் இரண்டாம் தடவை கேட்டதில்லை.

எல்லாம் விளையாட்டுச் சாமான் கடைக்காரர் ஒருவர் கல்லூரிக்கு வந்து பேசியதில் தொடங்கியது. "நல்லா தாண்டினா மட்டும் இந்தக் காலத்துல பத்தாதும்மா. தாண்டறது நாலு பேருக்குத் தெரியணும்" என்றார். நாலு பேர் என்று அவர் சொன்னது பத்தாயிரம் பேரை. பத்தாயிரம் பேர் பின்தொடர்கிற வீராங்கனைக்கு வருடம் முழுக்க ஆணி வைத்த ஷூ தன் கடை தரும் என்றார். கொக்கு தன் காலைக் குனிந்து பார்த்தாள். வலது ஷூ இரண்டு தடவை தைக்கப்பட்டு, மூன்றாவது தடவைக்குத் தைக்க இடமில்லாமல் வாய் திறந்திருந்தது. அன்று மாலையே அவள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கப்பட்டது.

முதல் மாதம் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்தார்கள். அதில் இரண்டு பேர் அவள் அப்பா. அவர் லிஃப்ட் மெக்கானிக். முதல் கணக்கின் பாஸ்வேர்டை மறந்துவிட்டு இன்னொன்று தொடங்கியிருந்தார். இரண்டிலிருந்தும் தவறாமல் லைக் வரும்.

பிறகு அந்த வீடியோ வந்தது. ஒன்று அறுபத்திரண்டு மீட்டரை முதல் தடவையாகத் தாண்டி மெத்தையில் விழுந்தவள், மேலே பார்க்கப் பயந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, "விழுந்துச்சா? அக்கா, கம்பி விழுந்துச்சா?" என்று கேட்கிறாள். படம் பிடித்த குண்டக்காவின் குரல், "அது அங்கயேதான் இருக்கு, நீ எந்திரி" என்கிறது. இவ்வளவுதான். இதை எதற்காக ஊர் உலகமெல்லாம் திரும்பத் திரும்பப் பார்த்தது என்று யாருக்கும் தெரியாது. நாலு நாளில் பத்தொன்பதாயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். அவர்களோடு வந்து சேர்ந்தார்கள் நலம்விரும்பிகள்.

வாழ்நாளில் ஒரு சாக்கடையைக்கூடத் தாண்டியிராதவர்கள் அவள் முதுகு வளையும் கோணத்தைத் திருத்தினார்கள். அரைக்கால் சட்டையின் நீளம் பற்றிக் கவலைப்பட்டவர்கள், அந்தக் கவலையை உறுதி செய்துகொள்ள வீடியோவைப் பதினான்கு தடவை பார்த்தார்கள். ஒருவர் ஜாதகம் கேட்டார். ஒருவர் தன் பையனின் படத்தை அனுப்பினார். பையன் நன்றாகத்தான் இருந்தான், ஆனால் ஆறு வயது, அவனுக்குக் கையெழுத்துப் போட்ட படம் வேண்டுமாம். அதற்கு மட்டும் கொக்கு சிரித்துக்கொண்டே பதில் போட்டாள்.

அந்தக் கூட்டத்தில்தான் சிவப்பு ரோஜா இருந்தார்.

"அருமை மகளே" என்று ஆரம்பித்தார். அப்பா வயதுக்காரர் போலிருக்கிறதே என்று அவள் "நன்றி சார்" என்று ஒரே ஒரு தடவை எழுதினாள். அந்த ஒரு நன்றி போதும் இந்த இனத்துக்கு. அடுத்த நாளிலிருந்து காலையில் எழுந்தாச்சா, மத்தியானம் சாப்பிட்டாச்சா, அறையில் கூட யார், அவள் நல்ல பெண்ணா, இடது கணுக்காலில் என்ன கட்டு என்று வேளைக்கு ஒன்றாக வந்தது. பதில் போடாவிட்டால், "கோபமா?" போட்டால், "இவ்வளவு சுருக்கமாகவா?" கொக்கு அதையெல்லாம் குண்டக்காவிடம் படித்துக் காட்டிச் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள், அந்த வியாழக்கிழமை வரை.

அன்று ஆய்வகத்தில் கையில் சோதனைக் குழாயோடு நின்றபோது போன் அதிர்ந்தது. "நீலத் தண்ணித் தொட்டி பக்கத்துலதானே பயிற்சி பண்றே? நேத்து பஸ்ஸில் போகும்போது பார்த்தேன். முடியைக் கட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்."

இந்தத் தடவை கொக்கு சிரிக்கவில்லை. குழாயை அதன் தாங்கியில் வைக்க இரண்டு தடவை முயல வேண்டியிருந்தது.

சாயங்காலம் அவரை பிளாக் செய்தாள். மறுநாள் மஞ்சள் ரோஜாவாக வந்தார். அதையும் செய்தாள். சூரியகாந்தியாக வந்தார். வாரக் கடைசிக்குள் ஒரு பூந்தோட்டத்தையே பிளாக் செய்திருந்தாள், தோட்டம் வாடவில்லை. கெட்டுப்போனது அவள் ஓட்டம்தான். ஒன்பது அடி எண்ணி ஓடித் தாண்டுகிறவள், ஏழாவது அடியில் வேலிப் பக்கம் ஒரு பார்வை பார்க்க ஆரம்பித்தாள். உயரம் தாண்டுகிறவளுக்கு அந்த ஒரு பார்வை போதும், கம்பியோடு சேர்ந்து கீழே வர. மூன்று வாரத்தில் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. ஒன்று அறுபத்தைந்தைத் தாண்டினால் பல்கலைக்கழக அணியில் இடம். அவளுக்கோ தாண்டிப் பழகிய ஒன்று ஐம்பத்தைந்தே தகராறு செய்தது.

பயிற்சியாளர் மேடம் அவளை முதல்வரின் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார். முதல்வர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பொறுமையாகக் கேட்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"நீ ஏம்மா போடறே? போட்டா வரத்தானே செய்வாங்க."

"போன வாரம் காலேஜ் அட்மிஷன் விளம்பரத்துல இவ போட்டோவைப் போட்டது நாமதான் சார்" என்றார் மேடம்.

"அது வேற."

"எப்படி சார் வேற?"

முதல்வர் மேசை மேலிருந்த பேனாவை இடமிருந்து வலமாக நகர்த்தி வைத்தார். யோசித்துவிட்டு மறுபடி இடப்பக்கமே வைத்தார். கடைசியில், அந்நியர் யாரையும் மைதானத்துக்குள் விடக்கூடாது என்று காவலாளிக்கு ஓர் ஆணை போனது. காவலாளியும் ஆணையைச் சிரமேற்கொண்டு, லுங்கி கட்டியவர்கள், தாடி வைத்தவர்கள், ஹாரன் அடித்த பையன்கள் எல்லோரையும் தடுத்தார். இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு ஃபைலுமாக வந்த ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு மட்டும் சல்யூட் அடித்து உள்ளே விட்டார்.

கொக்கு மெத்தையிலிருந்து எழும்போது அவர் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார். கக்கத்தில் ஃபைல், இன்னொரு கையில் டிபன் பாக்ஸ்.

"ஆறு முட்டை. வேகவெச்சு உரிச்சே கொண்டாந்திருக்கேன். உனக்கு உரிக்க நேரம் இருக்காது பாரு."

"சார், நீங்க யாரு?"

அவர் முகத்தில் நிஜமான வேதனை தெரிந்தது. "யாரா? நான்தாம்மா ரோஜா."

ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் தலைமை எழுத்தராம். தனக்குத் தப்பான எண்ணம் எதுவும் கிடையாது என்பதை ஐந்து நிமிடத்தில் நான்கு தடவை சொன்னார். கொக்கு மெத்தையைச் சுற்றி அந்தப் பக்கம் போய் நின்றாள். தள்ளிப் பயிற்சி செய்துகொண்டிருந்த குண்டக்கா, குண்டைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டே நிதானமாக நடந்து வந்தாள்.

"அங்கிள், முட்டையோட போறீங்களா, இல்ல வெச்சுட்டுப் போறீங்களா?"

அவர் முட்டையோடு போனார்.

அன்று அப்பாவுக்கு போன் செய்தாள். முழுவதும் கேட்டுவிட்டு அவர் முதலில் சொன்னது, "எல்லாத்தையும் எடுத்துரும்மா. வீடியோ, கணக்கு, எல்லாத்தையும்."

"எடுத்துட்டா அந்த ஆள் போயிடுவாராப்பா? நான் தாண்டற இடம் அவருக்குத் தெரிஞ்சு போச்சு. எடுத்தா ஷூ மட்டும்தான் போகும்."

அந்தப் பக்கம் ஸ்பேனர் ஒன்று எதன் மேலோ தட்டும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. வேலை எதுவும் இல்லாவிட்டாலும் யோசிக்கும்போது அவர் எதையாவது தட்டுவார்.

"லிஃப்டுல எவனாவது தொந்தரவு பண்ணினா, லிஃப்டையே நிறுத்திடுங்கன்னு சொல்ற அபார்ட்மென்ட் சங்கத் தலைவருங்க இருக்காங்க. அவங்களைத் திட்டிட்டு வருவேன். இப்ப நானே அதைத்தான் சொல்லிட்டேன் போல" என்றார் அப்பா. பிறகு, "நான் வேணா வந்து நிக்கட்டுமா?"

"நீ வந்தா நான் கம்பியைப் பாக்க மாட்டேன், உன்னைத்தான் பாப்பேன். வேணாம்ப்பா."

போட்டி வேறொரு மைதானத்தில். யாரும் வந்து உட்காரலாம். உட்கார்ந்திருந்தார் ரோஜாக்காரர், இரண்டாம் வரிசையில், குடையோடு. கொக்கு அவரைப் பார்த்துவிட்டாள். பார்த்தும் ஒன்று ஐம்பத்தைந்தைத் தாண்டினாள். ஒன்று அறுபதைத் தாண்டினாள். ஒன்று அறுபத்தைந்துக்குக் கம்பியை ஏற்றியபோது மூன்று பேர்தான் மிச்சம்.

முதல் வாய்ப்பு. ஓட்டம் எடுத்த நேரம் பார்த்து, "தோளைத் தளர்த்தும்மா" என்று குரல் வந்தது. கம்பி விழுந்தது.

இரண்டாவது. "ஏழாவது அடியில அவசரப்படறே." இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னது சரி. யாரால் அவசரப்படுகிறாள் என்பதை மட்டும் அவர் கவனிக்கவில்லை. கம்பி மறுபடி விழுந்தது.

மூன்றாவது வாய்ப்புக்குக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. ஒன்றரை நிமிடம். கொக்கு தன் அடையாளக் கோட்டுக்குப் போகவில்லை. நேராக வேலி ஓரம் நடந்து போய், இரண்டாம் வரிசைக்குக் கேட்கும்படி பேசினாள்.

"சார், காலையில சாப்பிட்டீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் கழித்துப் பெண் மனம் இளகிவிட்டதே. "ஆச்சும்மா. நீ..."

"நேத்து எத்தனை மணிக்குத் தூங்கினீங்க? ரூம்ல கூட யாரு?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"எந்த ஸ்டாப்புல பஸ் ஏறுவீங்க? எப்பவும் அதே பஸ்தானா? இடுப்பு கொஞ்சம் பெருத்த மாதிரி இருக்கே சார். இந்த பேண்ட் உங்களுக்கு எடுப்பா இல்ல. எழுந்திரிச்சுத் திரும்பி நில்லுங்க, பாக்கலாம்."

"என்னம்மா இது, பொது இடத்துல, இத்தனை பேர் முன்னால..."

"எனக்குத் தப்பான எண்ணம் எதுவும் இல்ல சார். அக்கறைதான்."

யாரோ ஒருவர் சிரித்தார். வரிசை முழுவதும் சிரித்தது. அடுத்த நாற்காலியில் இருந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. தன் பையை எடுத்துக்கொண்டு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார். சிரிப்பைவிட அதுதான் ரோஜாக்காரரை எழுப்பியது. எழுந்தார். குடையை மடக்கப் பார்த்தார், அது மடங்கவில்லை. விரித்த குடையோடு வரிசையைத் தாண்டிப் போக முயன்று நாலு பேரின் தலையைத் தட்டி, நாலு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வெளியே போனவரை, வாசலில் மேடமும், மேடம் போன் போட்டு வரவழைத்த போலீஸ்காரர் ஒருவரும் வரவேற்றார்கள்.

கொக்கு திரும்பினாள். முப்பத்தாறு நொடி மிச்சம். கையைத் தொடையில் துடைத்துக்கொண்டாள். ஏழாவது அடியில் வேலியைப் பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை. முதுகு கம்பிக்கு மேலே வழுக்கிப் போனது. செல்லும் என்று நடுவர் வெள்ளைக் கொடியைத் தூக்கினார். ஒன்று அறுபத்தெட்டில் மூன்று தடவையும் கம்பியைக் கீழே தள்ளி இரண்டாம் இடம் வந்தாள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அணியில் இடம் கிடைத்தது. கடைக்காரர் சொன்ன ஷூவும் ஒருவழியாக வந்தது, ஓர் அளவு சின்னதாக.

தாண்டியதை யாரும் படம் பிடிக்கவில்லை. வேலி ஓரம் பேசியதை ஒன்பது பேர் பிடித்திருந்தார்கள். அது மூன்று லட்சம் பேரிடம் போனது. பெரியவரிடம் இப்படிப் பேசலாமா என்று கால்வாசிப் பேர் வருந்தினார்கள். மீதிப் பேரில் முப்பது நாற்பது பேர், இந்த மாதிரி ஆட்களிடமிருந்து இனி அவளைத் தாங்களே காப்பாற்றுவதாகவும், அதற்கு வசதியாக அவள் போன் நம்பரை அனுப்பும்படியும் எழுதினார்கள்.

கொக்கு கணக்கை மூடவில்லை. இப்போது எதைப் போட்டாலும் மூன்று நாள் கழித்துத்தான் போடுகிறாள். வீடியோவில் பின்னால் வெறும் சுவர்தான் தெரியும். வருகிற செய்திகளை முதலில் குண்டக்கா படிக்கிறாள். ரோஜாக்காரர் இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று போலீஸில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அலுவலகத்தில், அந்தப் பெண்ணின் ஏழாவது அடியைத் திருத்தி ஆளாக்கியது தான்தான் என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. சமீபத்தில் நீச்சல்காரி ஒருத்தியின் ஈரத்தலை பற்றிக் கவலைப்பட ஆரம்பித்திருக்கிறாராம்.

உங்களுக்கு இதைக் கேட்டால் கோபம் வரும். நல்ல மனிதர் நீங்கள். அந்தப் பெண்ணுக்கு ஆறுதலாக ஒரு வரி எழுதலாமா, ஷூ அளவு மாற்றிக் கொடுத்தார்களா என்று விசாரிக்கலாமா என்றுகூடத் தோன்றும். கொக்குவுக்கு அடுத்த போட்டி வருகிற மாதம். எங்கே, எத்தனை மணிக்கு என்று கேட்க இப்போது வாயெடுத்தீர்கள், இல்லையா? நல்ல எண்ணத்தில்தான் கேட்க வந்திருப்பீர்கள். அவர்கள் எல்லோருமே அப்படித்தான் வந்தார்கள்.