இடது செருப்பின் தேய்மானம் குறித்து

பெருமதிப்புக்குரிய இராகுலன் அண்ணா அவர்களுக்கு,

உவர்மலையிலிருந்து தங்கை யோகமலர் பணிவுடன் வரைவது. இவ்விடம் எனது இடது முழங்கால் நீங்கலாக யாவரும் நலம். கொழும்பில் தங்கள் சுகம் அறிய அவா.

ஸ்கூட்டி ஓட்டப் பரீட்சையில் நான் சித்தியடையவில்லை என்பதைப் பிறர் வாயால் தாங்கள் கேட்குமுன் நானே அறியத்தருகிறேன். மறுபரீட்சை பதினெட்டாம் திகதி. அதிலும் தவறினால் தம்பலகாமம் நூலக வேலை கைநழுவும். வேலை தொடங்கும் நேரத்துக்கு அங்கே போகப் பஸ் இல்லை. தையலையும் நீச்சலையும் தட்டெழுத்தையும் பிறர் செய்யப் பார்த்தே கற்றவள் நான். ஆகவே, முறைப்படி பயிற்சிப் பாடசாலைக்குப் போகும்படி தாங்கள் சொன்ன புத்திமதியை ஒதுக்கி, அயல்வீட்டு நஜ்முன் நிஸா ஸ்கூட்டியில் போய்வருவதை மூன்று மாதம் மதிலுக்கு மேலால் கூர்ந்து அவதானித்தேன். ஏறுமுன் இருக்கையில் இரண்டு தட்டு, வலப்புறம் ஒரு சாய்ப்பு, நிறுத்துவதற்கு இடது காலை நிலத்தில் ஊன்றி ஓர் இழுவை. ஒன்றையும் தவறவிடாது எனது புது ஸ்கூட்டியில் பழகினேன். இதற்கிடையில் இடது செருப்பு மட்டும் மூன்று தடவை தேய்ந்துபோக, செருப்புக்கடை ஜமால்தீனிடம் தரம் போதாதென்று முறையிட்டேன். "நஜ்முன் நிஸா ராத்தாவும் இடதைத்தான் குறை சொல்றவ, அக்கா. ரெண்டு பேரும் ஒத்தைக் காலிலயா நடக்கிறீங்க?" என்றான். அப்போதாவது விளங்கியிருக்க வேண்டும்.

பரீட்சையன்று தட்டினேன், சாய்த்தேன், அழகாக ஓடினேன். நிறுத்தச் சொன்ன கோட்டில் காலை இழுத்தேன். செருப்பு கழன்று பறந்து, பரீட்சகரின் மேசையில் என்னுடைய படிவத்தின் மீதே இறங்கியது. நான் வேலியில் போய் நின்றேன்.

"அம்மா, உங்கட ஸ்கூட்டிக்குப் பிறேக் இல்லையா?"

"ஓம் சேர், இருக்கு. ஆனா நான் பழகினதில அது வரேல்ல."

வீடு வந்ததும் நஜ்முன் நிஸாவை மதிலடிக்கு அழைத்து விசாரித்தேன். "என்ட ஸ்கூட்டிக்கு ரெண்டு வருசமாப் பிறேக் பிடிக்காது. பெற்றோல் டாங்கில ஊத்தை, அதுக்குத்தான் தட்டிச் சாய்க்கிற. நீங்க ஏன் புது வண்டியைத் தட்டுறீங்க?" என்கிறாள்!

ஆதலால் அண்ணா, தாங்கள் சொன்னதே சரியென இத்தால் ஏற்றுக்கொள்கிறேன். நாளையே பயிற்சிப் பாடசாலையில் சேர்கிறேன். தங்களைப் போல எதையும் முறைப்படி பழகியவர்களே உயர்ந்தோர்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அனைவரது கால்களும் நீடூழி வாழ்க.

இங்ஙனம்,
அன்புத் தங்கை
யோகமலர்

பி.கு.: கடித உறையை ஒட்டும் வேளையில் நஜ்முன் நிஸா மதிலுக்கு மேலால் எட்டி, தனக்கு அந்தக் கால் இழுவை வந்த கதையைச் சொன்னாள். "உங்கட அண்ணன்தான்! பள்ளிக்கூட நாளில பிறேக் இல்லாத சைக்கிளில இந்த இறக்கத்தால வந்து, செருப்பைத் தேய்ச்சு எங்கட கேற்றடியில நிப்பாட்டுவார். பார்த்துப் பழகினனான்." மேலே ஏற்றுக்கொண்டவை அனைத்தையும் இத்தால் மீளப்பெறுகிறேன். பதினெட்டாம் திகதிக்கு முன் தாங்கள் நேரில் வந்து, எனது ஸ்கூட்டியைப் பிறேக் பிடித்து ஓடிக் காட்டவும். மதிலுக்கு இப்பால் நானும் அப்பால் நஜ்முன் நிஸாவும் பார்த்துக்கொண்டிருப்போம்.