மீனுக்கு ஒரு கை

பானைகளுக்குக் காலை வணக்கம் சொல்லி, பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்கிற ஒரே மனிதர் சுவிஸில் எங்கள் பானை அண்ணைதான். உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. சூரிச்சில் ஒரு அருங்காட்சியகத்தில் காவலராக இருந்தார். பெரு நாட்டின் பழைய நாஸ்கா மண்கலங்கள் இருந்த அறை அவருடைய பொறுப்பு. ஒரு நாள் தேன்சிட்டு வரைந்த குடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அதோடு பேச்சுவார்த்தை இல்லையாம்.

மழை ஞாயிறுகளில், நாங்கள் இருக்கும் பக்கத்து ஊரான ஊஸ்டரிலிருந்து மகளை அங்கே கூட்டிப்போவேன். அப்போது அவளுக்கு நான்கு வயதாகப் போகிறது. வீட்டுக்கு வெளியே வாய் திறக்கமாட்டாள். கிண்டர்கார்டனில் சேர்க்கும் முன் டாக்டர் ஒருவர் படங்களைக் காட்டிப் பேசவைத்துப் பார்ப்பார். பேசாவிட்டால் ஒரு வருடம் பிந்திவிடுமோ என்று பயம். மிருகங்களின் பெயர்களையாவது பழக்கலாம் என்று நினைத்தேன். அதற்குச் சரியான இடம் அதுதானா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

காரணம் அண்ணை. மீசை வைத்த ஒரு மிருகத்தை ஒரு வாரம் நரி என்றார். மகள் தலையாட்டினாள். மறுவாரம் அதையே பூனை என்றார். அதற்கும் தலையாட்டினாள்.

“அண்ணை, போன கிழமை நரி எண்டனீங்கள்.”

“போன கிழமை நரிதான் தங்கச்சி. இண்டைக்கு முகத்தைப் பாருங்கோ.”

பார்த்தேன். பூனை மாதிரித்தான் இருந்தது. விளக்க அட்டையிலோ இரண்டும் இல்லை. ஏதோ தெய்வப் பிறவி என்று எழுதியிருந்தது.

இன்னொரு குடத்தில் கொலைத் திமிங்கிலம். அதன் வயிற்றிலிருந்து ஒரு மனிதக் கை நீண்டு, வெட்டிய தலையொன்றை மயிரில் பிடித்துத் தூக்கியிருந்தது. நான் மகளின் கண்ணைப் பொத்தினேன்.

“அது பனங்காய், பிள்ளை. சந்தைக்குப் போயிட்டு வருது, இந்த மீன்” என்றார் அண்ணை.

திமிங்கிலம் மீனல்ல என்று சொல்ல நினைத்தேன். அதற்குள், கை இல்லாமல் மீன் எப்படிச் சாமான் தூக்கும் என்று என்னிடமே கேட்டார். மகளின் கண்ணிலிருந்து கையை எடுத்தேன்.

டாக்டரின் அறையில் பூனைக்கும் நாய்க்கும் மகள் வாய் திறக்கவில்லை. அடுத்து மீன் படம். அதை வாங்கி, திருப்பிப் பின்பக்கமும் பார்த்துவிட்டு, டாக்டரிடம் தமிழில் கேட்டாள்:

“கை எங்கை?”

ஜெர்மனில் மொழிபெயர்த்தேன். டாக்டர் படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கேள்வி கேட்கிற பிள்ளை தாராளமாகக் கிண்டர்கார்டன் போகலாம் என்றார்.

அடுத்த ஞாயிறே ஓடிப்போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் திமிங்கிலக் குடத்தின் கண்ணாடிப் பக்கம் குனிந்தார்.

“கேட்டியோ? பிள்ளை உன்ரை கையைத்தான் தேடினவளாம்.”



அண்ணை இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மகளுக்கு எதையாவது வரைந்து கொடுக்கும்போது அது நரியா பூனையா என்று நான் இன்னும் குழம்புகிறேன். மீனுக்கு மட்டும், யோசிக்காமல் ஒரு கை வைத்துவிடுகிறேன்.