மச்சான் மனோகர் வீடு வாங்குமுன் பார்க்க வேண்டியது

17-ஆம் நம்பர் வீடு,
ஆண்டர்சன்பேட்டைக்கு அப்பால்,
கோலார் தங்கவயல்.

அன்பில் சிறந்த மச்சான் மனோகருக்கு,

மாமா தசரதன் எழுதிக்கொண்டது. நீயும் சகுந்தலாவும் குடியாத்தத்தில் குறைவில்லாமல் இருக்க அம்மனை வேண்டுகிறேன். இங்கே என் உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றிக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால், மூன்று நிமிஷத்துக்கு மேல் போனால் உனக்கு டவர் போய்விடுகிறது. அதனால் கடிதம்.

ரிட்டயர் ஆனதும் எங்கள் லேஅவுட்டிலேயே வீடு வாங்கலாமா, வாங்குமுன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். இதைக் கேட்க என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது. முப்பத்தொரு வருஷம் மாரிகுப்பத்திலிருந்து பெங்களூருக்கு ரயிலில் போய்வந்து வேலை பார்த்தவன், ஒரு வீட்டுக்காக ஒரு வருஷம் அலைய மாட்டேனா? பத்திரம் பார்த்தேன். வில்லங்கம் பார்த்தேன். விவசாய நிலத்தை வீட்டு நிலமாக மாற்றிய ஆர்டரைப் பார்த்தேன், அதில் கையெழுத்துப் போட்ட அதிகாரி என்று ஒருவர் உண்மையிலேயே இருந்தாரா என்றும் விசாரித்தேன். அடியில் சுரங்கம் ஓடுகிறதா என்று பழைய மேப் வைத்திருக்கும் சர்வேயரைக் கூட்டிவந்து காட்டினேன். "கீழ பூரா பாறைதான், தைரியமா வாங்குங்க" என்றார். போர் தண்ணீரை பாட்டிலில் பிடித்துப் போய்ப் பரிசோதித்தேன். பங்காருபேட்டை வக்கீல் எல்லாக் காகிதத்தையும் புரட்டிவிட்டு, "இவ்ளோ சுத்தமான சொத்த நான் பாத்ததே இல்ல சார்" என்றார். சுத்தம்தான். மனுஷ வாடையே இல்லாத சுத்தம்.

மொத்தம் நாற்பத்திரண்டு வீடு. நாற்பத்தொன்றைப் பெங்களூர்க்காரர்கள் வாங்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். குடியிருந்தது நானும் உன் அக்கா பார்வதம்மாவும்தான். பால் காய்ச்சிய அன்று அக்கம்பக்கத்துக்குக் கேசரி கொடுக்கத் தட்டோடு கிளம்பியவள், அதே தட்டோடு திரும்பி வந்தாள். மூன்று நாள் நான்தான் தின்றேன். குடியிருக்க ஆள் இல்லாவிட்டாலும் அசோசியேஷன் மட்டும் இருக்கிறது. தலைவர் உமேஷ், பெங்களூரில் உட்கார்ந்தபடி கேமராவிலேயே எங்களை ஆள்கிறார். உன் அக்கா மாடியில் மிளகாய் காயப்போட்ட பத்தாவது நிமிஷம் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்துவிட்டது, லேஅவுட்டின் அழகு கெடுகிறதாம். மிளகாயை அள்ளப் போனவள், கேமராவைப் பார்த்து, "சாப்டீங்களா?" என்று கேட்டிருக்கிறாள். அந்தக் கேமராவை எல்லா ஓனரும் போனில் பார்க்கலாம், பேச்சும் கேட்கும். சாயங்காலம் குரூப்பில் இருபத்தாறாம் நம்பர் வீட்டு ஓனர் ஷோபா என்ற பெண், "ஊட்டா ஆய்து ஆண்ட்டி, நீங்க?" என்று எழுதியிருந்தாள். அன்னிக்கு உங்க அக்கா மூஞ்சிய நீ பாத்திருக்கணும். மறுநாள்லேர்ந்து பத்து மணி ஆனா தலை வாரி, பொட்டு வச்சிக்கினு கேமரா முன்னால நின்னு, இன்னா கொழம்பு, எந்த முட்டியில வலின்னு பேச ஆரம்பிச்சிட்டா. நாலாம் நாள் உமேஷ் ரூல் போட்டாரு: பாதுகாப்புக் கேமராவிடம் சொந்த விஷயம் பேசக் கூடாது.

இதக் கூட பொறுத்துக்கலாம் மச்சான். லோனுக்காக வீட்ட நம்ம கிரண் பேர்ல வாங்கினோம். அதனால லேஅவுட் ஆப்ல ஓனர் அவன், பெத்த அப்பன் நான் விசிட்டர். நான் வெளிய போய்ட்டு வந்தா, அவன் பெங்களூர் ஆபீஸ்லேர்ந்து போன்ல ஒரு பட்டன அழுத்தினாத்தான் கேட் தொறக்கும். போன செவ்வாக்கிழமை கோழிக்கறி வாங்கிக்கினு வந்தேன். கேட்ல ரோனி நிக்கறான். என்னோட ரயில்ல ஒரே பெட்டியில பதினோரு வருஷம் சீட்டாடினவன், இப்ப இங்க செக்யூரிட்டி.

"யாரப் பாக்கணும்?"ன்னான்.

"டேய், நான்தாண்டா."

"தெரியுது தசரதா. கேமரா பாக்குது. வந்த காரணம் எழுது."

"கறிக்கொழம்பு"ன்னு எழுதினேன்.

கிரண் மீட்டிங்ல இருந்தான். ஒண்ணரை மணி நேரம். ரோனி தன் சேர எனக்குக் குடுத்துட்டு நின்னுக்கினே இருந்தான், பாவம். ஒரு வழியா கேட் தொறந்து வீட்டுக்குள்ள போனா, உங்க அக்கா சமையக்கட்டுத் தரையில உக்காந்துகினு கீறா. நான் கடைக்குக் கெளம்பினதுமே ஈரத்துல வழுக்கி, கால் மடங்கி விழுந்திருக்கா. எழுந்திரிக்க முடியல. போன் ஹால்ல. கத்திப் பாத்திருக்கா. கைக்கு எட்டின தூரத்துல பூண்டுக் கூடை இருந்துச்சி. அத்தனையும் உரிச்சி வச்சிருந்தா.

"இன்னாடி இது?"ன்னேன்.

"எவ்ளோ நேரம்தான் கத்தறது? நாப்பத்தொரு வீடு கீது. ஒருத்தர் இன்னான்னு எட்டிப் பாக்கல"ன்னா. அழல. அழுதிருந்தா எனக்கு இவ்ளோ பயமா இருந்திருக்காது.

எலும்பு முறியல, சுளுக்குதான். ஆனா மறுநாளே கட்டுப் போட்ட காலோட ஆட்டோ ஏறி, மாரிகுப்பத்துல பழைய பக்கத்து வீட்டு நேசமணியம்மாகிட்ட போயிட்டா. "அங்க தும்மினா நாலு பேர் கேப்பாங்க"ன்னு சொல்லிட்டுப் போனா. முப்பது வருஷமா தனிக் குழா வேணும், தனி பாத்ரூம் வேணும்னு கேட்டவ. அதுக்குத்தானே மச்சான் இத வாங்கினேன்? இப்ப ரெண்டு பாத்ரூம் கீது. குளிக்க நான் ஒருத்தன் கீறேன். நேத்து ரசம் வச்சேன், உப்பு சரியான்னு கேக்க ஆள் இல்ல.

ஆகையால் வக்கீல் சொல்லாததை நான் சொல்கிறேன். வீடு வாங்குவதானால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய், எத்தனை மாடியில் துணி காய்கிறது என்று எண்ணிப் பார். பத்திரத்தை அப்புறம் பார்க்கலாம். வேறெங்கு வேண்டுமானாலும் வாங்கு. இந்த லேஅவுட்டில் மட்டும் ஓசியில் கொடுத்தாலும் வாங்காதே.

சகுந்தலாவுக்கும் குழந்தைகளுக்கும் என் ஆசிகள். நீங்கள் எல்லாரும் நாலு பேர் மத்தியில் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் மாமா,
தசரதன்

பி.கு.: தபாலில் சேர்க்குமுன் மாரிகுப்பம் போய் இதை உன் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். முழுசும் கேட்டுட்டு, "இப்டி எழுதினா அவன் எப்டி வருவான்?"ன்னா. அவ சொல்றதும் ஞாயந்தான். நமக்கு ஒட்டின பதினெட்டாம் நம்பர் வீடு விலைக்கு வந்திருக்குது. காத்து நல்ல காத்து, தண்ணி நல்ல தண்ணி. நீ ஒண்ணும் பாக்க வேணாம், எல்லாம் நான் பாத்துட்டேன். நீ வர்ற அன்னிக்கே தானும் வந்துடறேன்னு உங்க அக்கா சொல்றா. திரும்ப எழுத கை வரல, அதனால மேலே இருக்கறத சகுந்தலா கண்ணுல படாம கிழிச்சிப் போட்டுட்டு, சீக்கிரம் வா மச்சான்.