வெள்ளிக்கிழமைக்குள் ஆறு கிண்ணங்கள்

கோகாந்த்,
செவ்வாய்க்கிழமை, மதியம்.

தாஷ்கந்தில் வாழும் மதிப்பிற்குரிய மைத்துனர் அஸ்கர் அவர்களுக்கு, அக்காள் கணவன் நார்மத் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இங்கே நானும், என் முழங்காலும், சாக்கு போர்த்திய மாதுளை மரமும் இறைவன் அருளால் இருக்கிறோம். அங்கே நீங்களும் பிள்ளைகளும் சுகமாகவும் சூடாகவும் இருக்க வேண்டுகிறேன். இங்கே குளிர் கடுமை. அடுப்பில் கேஸ் வருகிறதா என்று கேட்டால், வருகிறது, தீக்குச்சி அளவுக்கு வருகிறது.

மரியாதை இத்துடன் முடிந்தது. மாப்ளே, நான் தொலைந்தேன்.

உன் அக்கா வெள்ளிக்கிழமை வருகிறாள். அதற்குள் உன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில் நடுத்தட்டில் இருக்கிற, உன் அப்பா வாங்கிய நீல நிறத் தங்க விளிம்புத் தேநீர்க் கிண்ணங்கள் ஆறையும் துண்டில் சுற்றி, வியாழக்கிழமை ரயிலில் எட்டாம் பெட்டிக்காரனிடம் கொடுத்தனுப்பு. அவன் என் பழைய சகா, இந்தக் கடிதத்தையும் அவன்தான் கொண்டு தருவான், கிண்ணங்களையும் உடைக்காமல் கொண்டு வருவான். இதைப் போனில் சொல்லியிருப்பேன். உன் வீட்டில்தான் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை நடுவில் வைத்துவிட்டு ஊரே சாப்பிடுகிறீர்களே. ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்பாய். சொல்கிறேன், ஆனால் இதில் பாதிப் பழி உன்னுடையது என்பதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

அக்டோபரில் நீ அனுப்பினாயே அந்த மைக்ரோவேவ் அடுப்பு, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம். "குளிர்காலத்துல அக்கா கஷ்டப்படுறா அத்தான், கேஸ் வராட்டியும் இது கரண்ட்ல ஓடும்" என்றாய். "புதுசு மாதிரிதான், ஒரே ஒரு தடவைதான் போட்டோம்" என்றும் சொன்னாய். அப்போது உன் குரல் ஏன் கம்மியது என்று நான் யோசிக்கவில்லை. உள்ளே இடது பக்கச் சுவரில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது. கேட்டதற்கு, "அது கம்பெனில வைக்கிற அடையாளம்" என்று சொல்லிவிட்டாய். நானும் நம்பினேன். உன் அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதோடு வந்த ரஷ்யப் புத்தகத்தை மூன்று நாள் உட்கார்ந்து படித்தாள். நான் படிக்கவில்லை. முப்பத்தொரு வருடம் ரயில் பெட்டியில் கரி போட்டு வெந்நீர் காய்ச்சி, அறுபது பேருக்குக் கை நடுங்காமல் டீ கொடுத்தவனுக்கு ஒரு பெட்டியைச் சூடாக்கப் புத்தகம் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

பிறகு நம் மகள் நிகாராவுக்குக் குழந்தை பிறந்தது, அவளோடு நாற்பது நாள் இருக்க உன் அக்கா ஜும்ரத் அந்திஜானுக்குப் புறப்பட்டாள். வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னாள்: "பெட்டி மேல பூப்போட்ட துணி கிடக்கு, அத எடுத்துட்டுத்தான் ஓட்டணும், இல்லாட்டி மூச்சு முட்டும். உள்ள ஒண்ணுமில்லாம ஓட்டக்கூடாது. உலோகம் எதுவும் வைக்கக்கூடாது, கரண்டி, தட்டு, அலுமினியத் தாள் எதுவும். அப்புறம் அலமாரியத் தொடாதீங்க." நான் தலையாட்டினேன். முப்பத்தெட்டு வருடமாக ஆட்டுகிற தலைதான்.

முதல் வாரம் முட்டை. ஓடோடு ஒரு முட்டையை உள்ளே வைத்து இரண்டு நிமிடம் திருப்பினேன். உள்ளிருக்கும்போது அது சாதுவாகத்தான் இருந்தது, வெளியே எடுத்துத் தட்டில் வைத்துக் கத்தியால் தொட்டேன் பார், வெடித்தது. கூரையில் மஞ்சள் கரு இன்னும் இருக்கிறது, எனக்கு ஏணி ஏற முழங்கால் விடவில்லை. இரண்டாம் வாரம் ரொட்டி. முந்தின நாள் ரொட்டியை மெத்தென்று ஆக்கலாம் என்று மூன்று நிமிடம் வைத்தேன். ஆவி பறக்கப் பஞ்சு மாதிரி வந்தது, தொழுதுவிட்டு வருவதற்குள் கல்லாகிவிட்டது. கொட்டாப்புளியால் அடித்தேன், கொட்டாப்புளிக்குத்தான் வலித்தது. ரொட்டியை வீசி எறிய முடியுமா, முத்தமிட்டு உயரத் தட்டில் வைத்திருக்கிறேன். காக்கைக்குப் போட்டுப் பார்த்தேன், அது ஒரு முறை கொத்திவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தது. அரை நிமிடம்தான் வைக்க வேண்டுமாம், பக்கத்தில் ஒரு கோப்பைத் தண்ணீரும் வைக்க வேண்டுமாம். ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

முட்டை வெடித்த சத்தமும் கொட்டாப்புளிச் சத்தமும் கேட்டுப் பக்கத்து வீட்டு சலாமத் அக்கா வந்தாள். "புதுச் சாமான் வீட்டுக்கு வந்தா கண்ணு படும் நார்மத், நீ புகை போட்டியா?" என்றாள். போடவில்லை என்றேன். உடனே இஸ்ரிக் செடியைக் கொளுத்தி, மூலைக்கு மூலை புகை காட்டி, பெட்டிக் கதவையும் திறந்து, "உள்ளதான் கெட்டது ஒளிஞ்சிருக்கும்" என்று உள்ளேயும் ஊதிக் கதவை மூடிவிட்டாள். அதன்பின் ஒரு வாரம் நான் சுட வைத்த சூப்பு, பால், கஞ்சி எல்லாம் திருஷ்டி கழித்த வாசனையோடு வந்தன. அப்போது உனக்குப் போன் செய்தேன், கிண்ணத்துத் தண்ணீரில் எலுமிச்சையை அரிந்து போட்டு ஐந்து நிமிடம் ஓட்டி, ஆறவிட்டு, ஈரத் துணியால் துடைக்கச் சொன்னாய். பளிச்சென்று ஆகிவிட்டது. அதற்கு மட்டும் உனக்கு நன்றி.

இனிமேல்தான் விஷயம். போன ஞாயிறு எங்கள் மாதக் கூட்டம் என் வீட்டில். முறை வந்துவிட்டது, மனைவி ஊரில் இல்லை என்று தள்ளிப்போட்டால் இந்த ஆறு கிழவர்களும் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். காலையிலேயே முற்றத்தில் விறகு மூட்டி பலாவ் செய்தேன், நன்றாகவே வந்தது, கஃபூர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு "காரட் கொஞ்சம் தடிப்பு" என்றான். டீ கொடுக்கக் கிண்ணம் தேடினால், சாதாரணக் கிண்ணங்களில் மூன்றுக்கு விளிம்பு உடைந்திருக்கிறது. ஆறு பேருக்கு ஒரே மாதிரிக் கிண்ணம் வேண்டுமே. அலமாரியைத் தொட்டேன். ஆமாம், தொட்டேன்.

நம் வழக்கம் உனக்குத் தெரியும், மதிப்புக்குரியவருக்குக் கிண்ணத்தில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவோம், நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்பு என்று அர்த்தம். நான் ஒவ்வொருவருக்கும் மூன்று வாய் ஊற்றினேன். மமசாலி அண்ணன் கிண்ணத்தைக் கையில் வாங்கிக்கொண்டு தன் குடலிறக்க அறுவை சிகிச்சைக் கதையை ஆரம்பித்தார். எழுபத்தெட்டு வயது மனிதர், மற்றவர் குடிக்க அவர் முதல் வாய் குடிக்க வேண்டும். டாக்டர் கையுறை போடும் இடத்துக்கு வருவதற்குள் அரை மணி ஆயிற்று. பிறகு ஒரு வாய் குடித்தார், கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"முப்பத்தொரு வருஷம் ரயில்ல டீ குடுத்தவன் வீட்ல ஆறின டீயா?"

எனக்கு முகம் செத்துவிட்டது. விறகு அணைந்து சாம்பல், அடுப்பில் கெட்டில் ஏறி ஒரு மணி நேரமாகியும் தண்ணீர் வெதுவெதுப்பு. அப்போது கஃபூர், நாற்பது வருடம் தெரு விளக்குக் கம்பம் ஏறியவன், மின்சாரம் தன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரிப் பேசுகிறவன், சொன்னான்:

"பெட்டி எதுக்குடா வச்சிருக்க? அதுல வை."

"உலோகம் வைக்கக்கூடாதுன்னு ஜும்ரத் சொல்லியிருக்கா."

"கரண்டி இருக்கா உள்ள?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"இந்த விளிம்பு?"

"அது தங்கம்டா. இரும்பும் தங்கமும் ஒண்ணா?"

யோசித்துப் பார்த்தேன். தங்கத்தைப் பற்றி உன் அக்கா எதுவும் சொல்லவில்லைதான். மமசாலி அண்ணன் கிண்ணத்தை உள்ளே வைத்துப் பொத்தானை அழுத்தினேன். மாப்ளே, விளிம்பைச் சுற்றி நீலமும் மஞ்சளுமாகப் பொறி ஓடுகிறது, படபடவென்று சத்தம், எனக்கு நிறுத்த எது பொத்தான் என்றே மறந்துவிட்டது. ஆறு பேரும் எழுந்து வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள். "பயப்படாதே" என்கிறான் கஃபூர், "தங்கம் சுத்தமாகுது." அது தானாக நின்றபோது விளிம்பு கரி பிடித்துக் கறுத்திருந்தது. மமசாலி அண்ணன் குடித்தார். "சூடா இருக்கு," என்றார், அவ்வளவுதான்.

நான் அத்தோடு விட்டிருப்பேன், அல்லாஹ் சாட்சி. ஆனால் வயதில் அடுத்தவன் கஃபூர். அவன் தன் ஆறிய டீயைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். "மூத்தவருக்கு மின்னல் டீ, நமக்குப் பச்சத் தண்ணி. பரவால்ல, நாம என்ன பெரிய ஆளா" என்றான். வீட்டுக்கு வந்த விருந்தாளி இப்படிச் சொன்ன பிறகு எவன் சும்மா இருப்பான்? அவனுடையதையும் வைத்தேன். கஃபூருக்கு வைத்தால் அடுத்தவருக்கு வைக்காமல் முடியுமா, அவருக்கு வைத்தால் அவர் சம்பந்திக்கு? இப்படியே வயசு வரிசையில் ஐந்து போயிற்று. ஐந்தாவதில் தங்கம் போவதை என் கண்ணால் பார்த்துவிட்டேன், சுத்தமாவது கித்தமாவது, அது போயே போயிற்று. ஆறாவது யூல்தாஷ். பாவம், வாயைத் திறந்து கேட்கவில்லை, கிண்ணத்தைக் கையில் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஐந்து பேருக்குச் சூடாகக் கொடுத்துவிட்டுக் கேட்காதவனுக்கு மட்டும் ஆறினதைக் கொடுப்பதா? தெரிந்தேதான் வைத்தேன், மாப்ளே. அந்த ஒன்றுக்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன்.

மறுநாள் கஃபூர் ஒரு டப்பாவில் தங்கப் பெயிண்ட் கொண்டு வந்தான், கல்லறை வேலிக் கம்பிக்கு அடிப்பதில் மிச்சமாம். அடித்தோம், அழகாகத்தான் இருந்தது, கழுவினதும் விரலோடு வந்துவிட்டது. இப்போது அவை அலமாரியில் கவிழ்ந்து கிடக்கின்றன.

நான் திட்டுக்குப் பயப்படுகிறேன் என்று நினைக்காதே. ஜும்ரத் திட்டினால் நான் பாதியில் தூங்கிவிடுவேன். ஆனால் உன் அப்பா பன்னிரண்டு வாங்கி உங்கள் இருவருக்கும் ஆறாறாகப் பிரித்துக் கொடுத்த கிண்ணங்கள் அவை. அவற்றைக் கழுவும்போது மட்டும் அவள் யாரோடும் பேசமாட்டாள், வெதுவெதுப்பான தண்ணீரில் ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து வைப்பாள். போன வசந்தத்திலிருந்து அவளுக்கும் வயதாகிவிட்டதோ என்னவோ, எல்லாத் தட்டோடும் சேர்த்து ஒரே தொட்டியில் போடுகிறாள். இருந்தாலும் அந்த அலமாரிக் கதவைத் திறந்துவிட்டு அவள் ஒன்றும் சொல்லாமல் நிற்பாளே, அதை என்னால் பார்க்க முடியாது. அதனால்தான் கெஞ்சுகிறேன். உன் ஆறையும் அனுப்பு. இங்கே வைத்துவிட்டு, கறுத்த ஆறையும் இந்தப் பாழாய்ப்போன பெட்டியையும் அதே எட்டாம் பெட்டிக்காரனிடம் உனக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். அக்காவிடம் மூச்சு விடாதே. விட்டால், தங்கம் வைக்கலாம் என்று நீதான் சொன்னாய் என்று சத்தியம் செய்வேன்.

உன் பிள்ளைகள் படித்துப் பெரிய ஆளாகட்டும், உன் வீட்டு மேஜையில் ரொட்டி குறையாதிருக்கட்டும், உன் முதுகுவலி உன் மேலதிகாரிக்குப் போகட்டும்.

வியாழக்கிழமை ரயிலை எதிர்பார்க்கும்,
நார்மத்.

பின்குறிப்பு: உறையை ஒட்டும் நேரத்தில் கதவு திறந்தது. உன் அக்கா. சம்பந்தியம்மாள் முகத்தை முப்பத்தேழு நாள் பார்த்தது போதுமாம். கோட்டைக் கூடக் கழற்றாமல் முதலில் கூரையைப் பார்த்தாள், பிறகு நேராக அலமாரிக்குப் போய்க் கிண்ணத்தைத் திருப்பினாள்.

"ஆறுமா?"

"ஆறும்."

"யாரு யோசனை?"

"கஃபூர்."

சிரித்தாள், மாப்ளே. உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு இந்தப் பெட்டியப் பாத்தாலே தங்கத்த வைக்கத் தோணுமா?" என்றாள். அப்புறம்தான் எல்லாவற்றையும் சொன்னாள். போன வசந்தத்தில் நீயும் உன் ஆறையும் இதே பெட்டியில் வைத்து எரித்தாயாம். ராணுவத்தில் இருந்ததால் அப்பாவை அடக்கம் செய்யக்கூட வர முடியவில்லை, அவர் கொடுத்ததில் மிச்சம் இருந்ததையும் நானே கெடுத்துவிட்டேன் என்று போனில் அழுதாயாம். அவள் கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டு, தன் ஆறையும் துண்டில் சுற்றித் தாஷ்கந்துக்குக் கொண்டுபோய் உன் அலமாரியில் வைத்துவிட்டு, உன்னுடைய கறுத்த ஆறை எடுத்து வந்தாளாம். நான் எரித்தது, அலமாரி காலியாகத் தெரியக்கூடாது என்று கோகாந்த் பஜாரில் அவள் வாங்கி வைத்த ஆறு. கம்பெனி அடையாளமாம், கம்பெனி.

எனவே கிண்ணங்களை அனுப்பாதே, அவை அங்கேயே இருக்கட்டும், அவள் உனக்குத்தான் கொடுத்தாள். பெட்டியும் இங்கேயே இருக்கும். ரஜாய்ப் போர்வைகள் வைக்கும் பெட்டியின் அடியிலிருந்து உன்னுடைய பழைய ஆறையும் வெளியே எடுத்தாள். சோடா போட்டுத் தேய்த்து ஒரு பொட்டுத் தங்கம் இல்லாமல் எடுத்து வைத்திருக்கிறாள், வெறும் நீலமும் வெள்ளைப் பூவுமாக இருக்கின்றன. ஒன்றில் என் ஆறின டீயை ஊற்றி, துணியை எடுத்துவிட்டு உள்ளே வைத்து அரை நிமிடம் ஓட்டினாள். ஒரு பொறி இல்லை. "அப்பா இத பூட்டி வைக்கவா வாங்கினாரு?" என்று சொல்லி என் கையில் கொடுத்தாள். சூடாக இருந்தது. இதைக் குடித்துக்கொண்டேதான் எழுதுகிறேன்.