முதல் தடவையே சரி என்று சொல்லவும்

“ஏன் ஆன்டி ‘வேண்டாம்’னு அழுத்தினீங்க?” திரையைப் பார்த்த நாகையா தலையில் கை வைத்தார்.

“‘அப்டேட் பண்ணவா’ன்னு கேட்டுச்சு. கேட்ட உடனே சரின்னு சொன்னா பறக்காவெட்டின்னு நெனைக்காதா தம்பி? இன்னொரு தடவை கேக்கும்னு பார்த்தேன். கேக்கவே இல்ல. வளர்ப்பு அப்படி!” என்றார் ரசியா.

நாகையா பிரிக்பீல்ட்ஸில் உள்ள ஒரு கம்பெனியில், கடைகளில் பில் அடிக்கும் லினக்ஸ் கணினிகளுக்குத் தமிழில் கையேடு எழுதுபவர். புதுப்பிக்கும் கருவி மாறிவிட்டதால், கையேட்டைத் திருத்திக்கொண்டு கிள்ளானுக்கு, ரசியாவின் துணிக்கடைக்கு வந்திருந்தார்.

“அந்தத் துணிக்கடை ஆன்டி உங்க கைடைப் படிச்சு, இன்னிக்குள்ள தானா செஞ்சு முடிக்கணும்ணே. இல்லாட்டி இனிமே இங்கிலீஷ் கைடு மட்டும்தான்” என்று மேலாளர் லோகன் சொல்லியிருந்தான். இங்கிலீஷ் தெரியாத கடைக்காரர்களை நினைத்து நாகையாவுக்குக் கவலையாக இருந்தது. புரியும்படி எழுதுவதும் ஒரு தொண்டுதான் என்று நம்புகிறவர் அவர்.

பேனாவை எடுத்து ஒரு வரி சேர்த்தார்: ‘முதல் தடவையே சரி என்று சொல்லவும். கணினி தவறாக நினைக்காது.’

ரசியா படித்தார், அழுத்தினார். அடுத்த கேள்வி வந்தது. முகம் வாடியது.

“‘பழைய மென்பொருள் தொகுப்புகள் இனித் தேவையில்லை, நீக்கவா’ன்னு கேக்குது. இத்தனை வருஷம் உழைச்சதை எப்படித் தம்பி போன்னு சொல்றது?”

“அதுக்கு மனசு கிடையாது ஆன்டி.”

“நமக்கு இருக்குல்ல?”

நாகையா துணி அடுக்குகளைப் பார்த்தார். சின்ன வயதில் தீபாவளிக்குத் தீபாவளி அப்பா அவரைப் பண்டமாரானிலிருந்து சைக்கிளில் இந்தக் கடைக்குத்தான் கூட்டி வருவார். “வளர்ற புள்ள” என்று ரசியா எப்போதும் ஒரு சாண் துணி கூடவே வெட்டுவார். புதுத்துணியின் அந்தக் கஞ்சி வாசம் இன்னும் கடையில் இருந்தது.

நாகையா எழுதினார்: ‘பழையவை இடம்விட்டால்தான் புதியவை உட்காரும். நன்றியோடு அனுப்பிவைக்கவும்.’

“இது நியாயம்” என்று ரசியா ‘சரி’யை அழுத்தினார். எல்லாம் இறங்கியது. கடைசிக் கட்டளை: கணினியை அணைத்து மீண்டும் தொடங்கவும்.

அந்த நேரம் தனலெட்சுமி என்ற வாடிக்கையாளர் உள்ளே வந்தார். ரசியா கையை எடுத்துவிட்டார்.

“துணி எடுக்க வந்தவங்க முன்னாடி பொட்டியை அணைக்கிறதா? கடை சாத்துற மாதிரில்ல இருக்கும்!”

“ரெண்டே நிமிஷம் ஆன்டி.”

“நான் வேணா அப்புறம் வரேனே” என்றார் தனலெட்சுமி.

“நீ உக்காரும்மா! தம்பி, இவங்களுக்கு ஒரு டீ சொல்லு.”

தீபாவளி நெருங்கிய சமயம். ஒருவர் போனால் மூவர் வந்தார்கள். டீ வாங்கி வாங்கி நாகையாவின் சட்டையெல்லாம் கறை. கடைசியில் மனம் தளர்ந்து எழுதினார்: ‘கடையில் ஆளில்லாதபோது, மனம் ஒப்பினால் செய்யவும்.’

கடை சாத்தும்வரை ஆளில்லாத நேரம் வரவில்லை. தமிழ்க் கையேட்டின் கதை முடிந்தது என்று மனசுக்குள் முருகனிடம் சொல்லிவிட்டு அவர் எழுந்தபோது, போன் அடித்தது. லோகன்.

“தம்பி, நான் எவ்வளவோ முயற்சி...” என்று இழுத்தார் நாகையா.

“அண்ணே, அதை விடுங்க! அப்டேட் போட்டு ரீஸ்டார்ட் பண்ணின கடை எல்லாம் பில் அடிக்க முடியாம நிக்குது. உங்க ஆன்டி கடை ஒண்ணுதான் ஓடுது. அவங்களுக்கு எழுதிக் கொடுத்ததை அப்படியே இங்கிலீஷ்ல போட்டு எல்லாருக்கும் அனுப்புங்க லா!”